வலப்பக்கம் வருபவருக்கு வழி

கலியாணமாகி வந்த நாளிலிருந்து நான் திருகோணமலையின் இடப்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சேலையோடு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறுகிற பெண்கள் எல்லோரும் இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கப்போட்டு, முகத்தையும் அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு போகிறவர்கள்தானே. கோயிலுக்குப் போகும்போது கடல் தெரியும். திரும்பி வரும்போது அதே கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மதிலும் கடைகளும்தான் மிச்சம். வலப்பக்கத்தில் என்ன வருகிறது, என்ன போகிறது என்பதெல்லாம் என் கணவரின் பொறுப்பு. அவர்தான் முன்னால் இருக்கிறார், அவருக்கு இரண்டு கண் இருக்கிறது. நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

இதைச் சிரித்துக்கொண்டுதான் எழுதத் தொடங்கினேன். இந்த வரிக்கு வரும்போதே சிரிப்பு போய்விட்டது.

எங்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு சின்னச் சுற்றுவட்டத்திலிருந்து பிரிகிற ஒழுங்கைக்குள் இருக்கிறது. அவருக்குத் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. நான் வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறவள். ஒரே மகள். அவளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும் பின்னேரம் ஏற்றி வருவதும் அவர்தான். நாங்கள் மூன்று பேரும் எங்கே போவதென்றாலும் அந்தச் சுற்றுவட்டத்தைத் தாண்டாமல் போக முடியாது.

சுற்றுவட்டம் என்றதும் நடுவில் சிலையும் பூமரமும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைக் காலத்தில் அந்தச் சந்தியில் சோதனைச் சாவடி இருந்தது, நடுவில் மண் நிரப்பிய பீப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். சாவடி போன பிறகும், இல்லாத பீப்பாக்களைச் சுற்றியே சனம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, அதே இடத்தில் சீமெந்தில் ஒரு வட்டம் கட்டிவிட்டார்கள். மாட்டுவண்டிச் சில்லைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதில் நான்கு வீதிகள் வந்து முட்டுகின்றன. பட்டினத்திலிருந்து வருகிறவருக்கு இடப்பக்கம் துறைமுக வீதி, நேரே எங்கள் ஒழுங்கை, வலப்பக்கம் சீனன்குடா வீதி. எண்ணெய் ஏற்றுகிற பவுசர் லொறிகள் வருவது அந்தச் சீனன்குடா வீதியால்தான்.

சட்டம் என்னவோ சுலபமானது. வட்டத்துக்குள் நுழைகிறவர் தனக்கு வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ச் சனத்துக்குப் பழைய பழக்கம் ஒன்று எலும்பில் ஊறியிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து வாகனம் வந்தால் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். சண்டைக் காலத்தில் அங்கிருந்து வந்தவை கடற்படை வாகனங்கள் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பயம் போய் எத்தனையோ காலம், கால் மட்டும் தானாகவே பிரேக்கை மிதிக்கும்.

இதற்குள் அந்தப் பலகை வேறு. சிவப்புக் கரை போட்ட தலைகீழ் முக்கோணம், வழிவிடச் சொல்கிற பலகை. ஒவ்வொரு வீதிக்கும் ஒன்று வந்திருக்க வேண்டும், எங்கள் அதிர்ஷ்டத்துக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. பின்னோக்கி எடுத்த ஒரு டிப்பர் லொறி அதில் இடித்ததோடு பலகையைக் கம்பத்தோடு பிடித்திருந்த வளையம் இளகிவிட்டது. அதன் பிறகு காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் பலகை திரும்பும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பட்டினத்திலிருந்து வருகிறவர்களை வழிவிடச் சொல்லும். வாடைக்காற்று தொடங்கினால் பவுசர்காரரை வழிவிடச் சொல்லும். காற்று ஓய்ந்த நாட்களில் யாருடைய வீட்டு மதிலையோ பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதனால் எங்கள் சந்தியில் கைதான் சட்டம். எல்லோரும் வேகத்தைக் குறைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "நீங்க போங்கோ" என்று கை காட்டிவிட்டுப் போவார்கள். சீனன்குடா வீதியின் முனையில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, இதில் முதல் ஆள். குறிஞ்சாக்கேணியிலிருந்து காலையிலேயே வந்து கடை திறப்பார், பாணும் வாழைப்பழமும் நூல்கட்டையும் தேத்தண்ணீரும் விற்பார். என் கணவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், கடையை விட்டு இறங்கி வந்து, நடுவீதியில் நின்று, கையை நீட்டி மற்ற வாகனங்களை மறித்துவிடுவார். இவர் ராசா மாதிரி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வருவார்.

"பாத்தீரே மரியாதையை?" என்று பின்னால் இருக்கிற என்னிடம் கேட்பார். "ஊருக்குள்ள ஒரு ஆளுக்கு இப்பிடிக் கிடைக்குமோ?"

"ஓமோம், அடுத்த முறை மாலையும் கொண்டு வருவார்" என்பேன்.

முதலில் ஒரு மீன் வானோடுதான் முட்டப் பார்த்தது. வான்காரன் பிரேக் போட்டுக் கத்தினான், இவர் திருப்பிக் கத்தினார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதும் கோபம் அடங்கவில்லை. "அந்தப் பலகையை வைச்சவனைத்தான் முதல்ல பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும்." நானும் ஓம் என்றேன். பிறகு ஒரு ஆசிரியையின் ஸ்கூட்டர். பிறகு ஒரு முச்சக்கரவண்டி, அதன் முன்சில்லு என் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. திரும்பிப் பார்த்தபோதுதான் அது அவ்வளவு கிட்ட வந்திருந்தது எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் பலகையைத்தான் திட்டினோம். ஊரே பலகையைத்தான் திட்டியது.

அந்த நாட்களில் வீட்டிலும் சின்னச் சின்னதாகச் சில நடந்தன. சாப்பிடும்போது வலப்பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பை அவர் கை தட்டிவிடும். மோட்டார் சைக்கிளின் வலப்பக்கக் கண்ணாடி கேற்றுத் தூணில் பட்டு உடைந்தது, மாற்றினோம், மறுபடி உடைந்தது. தூணைக் கட்டிய மேசனை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பட்டினத்தில் மான்கள் மாடுகளைப் போலத்தான் திரியும். ஒரு நாள் வீதியோரம் நின்ற மானோடு உரசிக்கொண்டு வந்து, "அது பாய்ஞ்சு வந்திட்டுது" என்றார். மான் என்றால் பாயத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"இந்தச் சந்தி காவு கேக்குது" என்று அக்கம்பக்கத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு ஆளை எடுக்காமல் விடாதாம். எனக்கு அந்தக் கதை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அதற்குள்ளால் போகிறவள் என் மகள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளித்துவிட்டுப் போய், அந்தப் பலகைக் கம்பத்தின் அடியில் தேங்காய் உடைத்தேன். எலுமிச்சம்பழத்தையும் வெட்டிக் குங்குமம் தடவி வைத்தேன். கடைக்குள்ளிருந்து நானா பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல இருந்தது. பிறகு, தேங்காய் ஓடு வாகனச் சில்லில் குத்தாமல் இருக்க விளக்குமாற்றால் ஒதுக்கிவிட்டுக் கடைக்குள் போனார்.

தேங்காய் பலித்ததோ, தேர்தல் வந்ததோ, வீதிகளுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். நான்கு முனைகளிலும் புதுப் பலகைகள் வந்தன. ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய திசையைப் பார்த்தபடி, சீமெந்தில் இறுக்கமாக நின்றன. வெள்ளைக் கோடு, அம்புக்குறி எல்லாம் வந்தன. துறைமுக வீதிக்கு நின்று கொடுக்கும் பழக்கம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எல்லோரும் வலப்பக்கம் பார்த்து, வழிவிட்டு, ஒழுங்காகப் போனார்கள். எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த கிழமையே ஒரு மரக்கறி லொறி எங்களுக்கு வலப்பக்கம் வந்து, பிரேக் போட்டு, தார் கருகுகிற மணத்தோடு நின்றது. லொறிக்காரர் கத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, பலகையைக் காட்டினார்.

"பாத்தீரே, கண் மண் தெரியாமல் வாறாங்கள்" என்றார் என் கணவர்.

இந்த முறை ஏசுவதற்குப் பலகை இல்லை. பலகை எல்லாம் சரியாக நின்ற அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. எதற்குப் பயப்படுகிறேன் என்று மட்டும் தெரியவில்லை. இரவு அவர் நித்திரை கொள்ளும்போது அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். விடிந்ததும் வழமை போல மகளை ஏற்றிக்கொண்டு போனார்.

மகளுக்குத் தவணைப் பரீட்சை நடந்த நாட்கள் அவை. பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும். அது ஒரு வெள்ளிக்கிழமை. நூல்கட்டை வாங்கக் கடைக்குப் போனேன். நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நல்ல நேரம் வந்தீங்க. இன்டைக்கு ஜும்ஆ. உங்கட ஆள் பிள்ளையோட வாற நேரம். அவங்க வந்து போற மட்டும் கொஞ்சம் இதில நில்லுங்களன்."

"நான் ஏன் நானா நிக்கவேணும்?"

அவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன்டு கேக்குறீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அவருக்கு வலப்பக்கம் தெரியிறல்ல தங்கச்சி. அந்தப் பக்கமா நிண்டு சலாம் சொன்னா திரும்பியும் பாக்குறல்ல. இடப்பக்கம் நிண்டு சொன்னா சிரிச்சுக்கிட்டுப் போவார். அதுக்குத்தானே நான் ஓடி வந்து கை காட்டி மறிக்கிறன். வெள்ளிக்கிழமையில மட்டும் அவர் பகல் சாப்பாட்டுக்கு வாற நேரம் கடையில நான் இல்ல, எனக்கு நெஞ்சு பதறும். தொழுகையில நிண்டாலும் மனம் இந்தச் சந்தியிலதான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒரு வீட்டு ஆம்பிளைட குறைய அவர்ர பொஞ்சாதிக்கிட்ட வந்து சொல்றதா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நினைச்சன்" என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. அவர் என்னையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் நடந்தார்.

கேற்றுத் தூண், தண்ணீர்ச் செம்பு, மான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. வெயில் புதுத் தாரில் எரிந்தது. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன, சந்தியில் ஒரு குருவி இல்லை. சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு பவுசர் வருகிற சத்தம் கேட்டது. அதே நேரம் பட்டினத்து வீதியில் எங்கள் மோட்டார் சைக்கிள் தெரிந்தது.

மகள் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்தாள். சித்திரப் பாடத்துக்குச் செய்த பெரிய மட்டை ஒன்றைக் காற்றுக்குப் பறக்காமல் இரண்டு கையாலும் வலப்பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கதவு மாதிரி அந்தப் பக்கத்தை முழுக்க மறைத்தது.

பவுசருக்குத்தான் வழி. பலகையும் அதைத்தான் சொன்னது. பவுசர்காரரும் அதை நம்பித்தான் வேகத்தைக் குறைக்காமல் வந்தார். இவர் வட்டத்துக்குக் கிட்ட வந்து, ஒழுங்காக வேகத்தைக் குறைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

நான் வீதிக்குள் பாய்ந்தது எனக்கு ஞாபகமில்லை. கையை நீட்டிக்கொண்டு பவுசருக்கு முன்னால் நிற்கிறேன், அதுதான் ஞாபகம். சில்லுகள் அலறின. பவுசரின் சூடு என் முகத்தில் அடித்தது. என் கணவர் எனக்குப் பக்கத்தால், இரண்டு ஆள் நீளத் தூரத்தில், வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார். நடுவீதியில் கை நீட்டியபடி நிற்கிற சொந்தப் பெண்சாதியை அவர் காணவில்லை. பாதி நரைத்த அந்த மீசையோடு, எதையோ மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, சுகமாகப் போனார். மட்டைக்கு மேலால் தலையைத் தூக்கிய மகள் மட்டும் என்னைக் கண்டாள். ஒழுங்கைக்குள் திரும்பும் வரைக்கும் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு எப்படி நடந்தேனோ தெரியாது. அவர் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் சந்தியில நடுறோட்டில நிண்டனான்" என்றேன். "கண்டனீங்களோ?"

"எங்க?" என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். "நான் ஒவ்வொரு நாளும் தட்டுறனான் அம்மா. வலப்பக்கம் வாகனம் வந்தா அப்பான்ர தோளில தட்டுவன், அப்பா நிப்பார். இண்டைக்குக் கை இல்லை, அம்மா. மட்டையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்."

அவள் அவருடைய தோளில் கை வைத்துப் போவதை நான் எத்தனை நாள் கேற்றடியில் நின்று பார்த்திருப்பேன். அப்பனில் எவ்வளவு வாரப்பாடு, எவ்வளவு பாசம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். என் பிள்ளை இவ்வளவு காலமும் இரண்டு பேருடைய உயிரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களே என்றேன். அவர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "இப்பிடி மூடினால் இருட்டுத்தான். கனகாலமா" என்றார். "சொன்னால் லைசன்ஸ் போயிடும். கண் தெரியாத ஆளைக் களஞ்சியத்தில வைச்சிருப்பாங்களோ? பிள்ளை படிச்சு முடிக்கட்டும் எண்டு பாத்தன்." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கை இன்னும் கண்ணை விட்டு எடுபடவில்லை. விழுங்கிக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் திறப்பை ஆணியிலிருந்து எடுத்து என் சேலைத் தலைப்பில் முடிந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் ஒரு இளம் பெண். கண்ணுக்குள் அமுக்கம் கூடி நரம்பு பட்டுவிட்டது என்றார். "போன கண் திரும்பி வராது. இனி இடது கண்ணைத்தான் காப்பாத்தவேணும். துளி மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இது ஓரத்தில இருந்துதான் மூடிக்கொண்டு வரும். ஆளுக்கே தெரியாது. பக்கத்தில நிக்கிறதைக் காணாமல் விட்டால், நாள் பாக்காமல் அண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ."

மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினோம். ஓட்டப் பழகியது நான். சேலையை விட்டுச் சல்வார் போட்டு, இரண்டு பக்கமும் கால் வைத்து, முதல் முறையாக இந்தப் பட்டினத்தின் வலப்பக்கத்தைப் பார்த்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் அவ்வளவு பெரிய வேப்பமரம் நிற்பது எனக்குத் தெரியவே தெரியாது. மகளை நான் ஏற்றி இறக்கினேன். அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். வேலை இன்னும் இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று நாங்கள் கதைப்பதில்லை. மருந்தை நானே விடுகிறேன், அவர் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை அண்ணாந்து காட்டுவார்.

போன கிழமை ஒரு காலை, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். சந்தைக்கும் போய் மீன் வாங்கியிருந்தோம். பட்டினத்து வீதியால் வட்டத்துக்குக் கிட்ட வந்து நின்றேன். வலப்பக்கம் ஒரு பவுசர் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நானா எங்களைக் கண்டதும் பழைய பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தார், ஓட்டுகிறவள் நான் என்று ஞாபகம் வந்ததும் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்தார். நான் சிரித்தேன்.

அவர் பின்னாலிருந்து கேட்டார்: "இஞ்சாரும், அந்தப் பலகையைத் திரும்பவும் கழட்டிப்போட்டாங்களோ?"

"எந்தப் பலகை?"

"இதில இடப்பக்கம் நிண்டதே, வழிவிடுற பலகை. அதைக் காணேல்லை."

பலகை எங்களுக்கு இடப்பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. வெயிலில் அதன் சிவப்புக் கரை பளபளத்தது. காற்றுக்கு அது அசையவுமில்லை.

"ஓம்" என்றேன். "கழட்டிப்போட்டாங்கள் போல."

பவுசர் போகும் வரைக்கும் நின்றேன். பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாமல், வட்டத்தை ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, வந்த வழியாலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் ஸ்கூட்டியை விட்டேன்.

"வீடு தாண்டிப் போறீர்" என்றார்.

"தெரியும்" என்றேன். "என்னைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."